மாலை நிகழ்ச்சிக்கு நாமும் போவோம்



யாழ் நகரில் கவியரங்கோ இசைக் கச்சேரியோ நடக்கப்போகிறது என்று அறிந்தாலும், "இது படித்தவர்களுக்கு, நமக்கேன்?" என்று இருந்துவிடுகிறோம். கணவனை இழந்தவள் கச்சேரிக்குப் போனால் ஊர் கதைக்குமே என்ற தயக்கமும் உண்டு. துக்கம் உள்ளவள் பாட்டுக் கேட்பது குற்றமல்ல.

1986இல், போர்க்காலத்திலேயே, யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' தொகுப்பை வெளியிட்டது. எல்லாம் பெண்கள் எழுதிய கவிதைகள். உங்கள் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் உள்ள நாலு வரியும் கவியரங்கில் வாசிக்கத் தகுந்ததே.

பொது நூலகத்துக்கு அருகே 2023இல் திறக்கப்பட்ட கலாசார நிலையத்தின் அரங்கில் சுமார் 600 பேர் அமரலாம். நமக்கும் அங்கே இடமுண்டு.

போகுமுன் மூன்று விடயங்களை விசாரியுங்கள்: கட்டணம் உண்டா, எத்தனை மணிக்கு முடியும், கடைசி பஸ் எப்போது? நாலைந்து பேராகச் சேர்ந்து போங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். போரைப் பற்றிய கவிதையோ பெரிய மேளச் சத்தமோ மனதைக் கலக்கினால் எழுந்து வெளியே வந்து சற்று இருங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

நிகழ்ச்சி மாலை 4 மணிக்குத் தொடங்கினால்தான் கிராமத்துப் பெண்கள் நேரத்துக்கு வீடு சேரலாம். உங்கள் மாதர் சங்கத்தின் மூலம் ஏற்பாட்டாளர்களுக்கு இதை எழுதிக் கேளுங்கள்.