‘தோட்டம்’ இல்லை என்கிறது கணினி

மலையகத்துப் பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டால் வரலாறு காப்பாற்றப்பட்டுவிடும் என்று நம்மவர் சிலர் மார்தட்டுகின்றனர். இது பாதி உண்மை. பாதி உண்மை முழுப்பொய்யை விட ஆபத்தானது.

ஒவ்வொரு பிடிஎஃப் கோப்பிலும் தலைப்பு, ஆசிரியர், பொருள், திறவுச்சொல் ஆகியவற்றை எழுதிவைக்கத் தனித்தனி இடங்கள் உண்டு. நிரலானது அவ்விடங்களைப் பெயர் சொல்லியே கேட்கும். ‘ஆதர்’ யார் என்று கேட்டால், பல நினைவுமலர்கள் சொல்லும் விடை ‘யூசர்’ என்பதே! இன்னும் சிலவற்றில் தட்டச்சுக் கடைக் கணினியின் பெயர் நூலாசிரியராக வீற்றிருக்கும். தலைப்பைப் பாமினி எழுத்துருவில் எழுதியிருந்தாலோ, கணினிக்குத் தெரிவது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்.

2005 இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் பெருமை ஸ்கேன் செய்தது மட்டுமன்று. ஆசிரியர், வெளியீட்டாண்டு என விபரங்களைப் பொறுமையாகப் பதிந்ததும் ஆகும். அந்த உழைப்பைத்தான் மற்றவர்கள் தவிர்க்கின்றனர்.

சரி, விபரம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வேர்ட் கோப்பில் நாம் விரும்பும் பெயரிலேயே ஒரு விபரக்களத்தைச் சேர்க்கலாம். பன்வில, மடுல்கலைப் பகுதி ஆவணங்களுக்குத் ‘தோட்டம்’ என்ற களத்தை விடப் பொருத்தமானது எது? ஆனால் யூனிகோடில் ‘தோ’ என்பதை இருவழிகளில் எழுதலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாக இடலாம். ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறியீடுகளை அப்படியே ஒப்பிடும் நிரலுக்கோ அவை வேறு வேறு. ஒருவகையில் சேமித்ததை மறுவகையில் கேட்டால், ‘அப்படியொரு களம் இல்லை’ என்று கைவிரித்துவிடும். குற்றம் யூனிகோடினுடையதன்று; இரண்டும் சமமே என்று அது விதித்திருக்கிறது. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவாக்க ஒரு வரி நிரல் போதும். அந்த ஒரு வரியை எழுதாத சோம்பலே குற்றம்.

இது கணினிக்காரர் விவகாரம் என்று ஒதுக்காதீர்கள். 1948 இன் குடியுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. இன்று கூடலூரிலிருந்து பாட்டன் பிறந்த தோட்டத்தைத் தேடும் பேரனுக்கு, ஆவணம் இருந்தும் ‘இல்லை’ என்ற விடையா கிடைக்க வேண்டும்?

மலர் வெளியிடுவோரே, கோப்பை அனுப்புமுன் விபரக்களங்களை யூனிகோடில் நிரப்புங்கள். நிரல் எழுதும் இளைஞரே, அந்த ஒரு வரியைச் சேருங்கள். பதிவேட்டில் பெயரில்லை என்று எம் மக்களை அலைக்கழித்தது அரசாங்கம். அதே வேலையை நாமும் செய்யலாமா?