பானையைப் பார்த்துவிட்டுப் பையை எடுங்கள்

எங்கள் வீடு முதலியார்பேட்டையில். நிலம் பாகூர்ப் பக்கம், இரண்டு ஏக்கர். எட்டு வருடமாக உப்பு உரமோ பூச்சிக்கொல்லியோ போடுவதில்லை. இப்படிப்பட்ட வீட்டில் மாதம் எட்டாயிரம் ரூபாய்க்கு மளிகை பில் வந்துகொண்டிருந்தது என்றால் நம்புவீர்களா? வந்தது. அந்த பில்லை ஒரு நாள் வரி வரியாகப் படித்தவர் என் அம்மா.

"நெல்லு நீ வெளைய வைக்கிற, அரிசி கடையில வாங்குற. உளுந்து நீ வெதைக்கிற, அப்பளம் கடையில வாங்குற. அப்புறம் எதுக்குடா நெலம்?"

பதில் இல்லை. நஞ்சில்லா உளுந்தை அறுவடை வாரத்திலேயே விற்றுவிட்டு, அந்தக் காசில் யாரோ மருந்தடித்து விளைவித்த பருப்பை வாங்கித் தின்றுகொண்டிருந்தோம். நம் கூட்டங்களில் தற்சார்பு என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். மதிப்புக்கூட்டல் பயிற்சி நடத்தி, ஊருக்கெல்லாம் வற்றல் பாக்கெட் போடுகிறோம். நம் வீட்டு அடுப்படி அலமாரியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இதை நான் முதலில் என்னைத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு இது புதிதல்ல. கடலூர் சாலை மில்களின் சங்குச் சத்தத்தில் விடிந்த ஊர் இது. அப்பாவின் சம்பளம் முடிந்து அடுத்த சம்பளம் வரும்வரை உள்ள பத்து நாளை ஓட்டியது பரணில் இருந்த ஜாடிகள்தான். மாவற்றல், சுண்டை வற்றல், மணத்தக்காளி, நெத்திலிக் கருவாடு, எல்லாவற்றுக்கும் மேலே வடகம்.

வடகத்தைப் பற்றி நாலு வரி எழுதாமல் தாண்ட முடியாது. பங்குனி, சித்திரையில், சின்ன வெங்காயம் விலை இறங்கியிருக்கும்போது செய்வது. வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு சேர்த்து ஓர் இரவு ஊற வைக்க வேண்டும். காலையில் உருண்டை பிடித்து மாடியில் காய வைத்து, சாயங்காலம் உதிர்த்து மறுபடி பிசைந்து, மறுநாள் மறுபடி வெயில். விளக்கெண்ணெய் தொட்டுப் பிசைந்தால் பூச்சி அண்டாது. ஒரு வாரம், பத்து நாள் இப்படியே போகும். பிறகு வருடம் முழுக்க ஒரு துண்டு கிள்ளிப் போட்டால் தாளிப்பு முடிந்தது. வெங்காயம் கிலோ நூறுக்குப் போனாலும் கவலை இல்லை. இந்த வடகம்தான் புதுச்சேரி வழியாகப் பிரான்சுக்குப் போய் 'வடுவான்' என்ற பெயரில் விலை உயர்ந்த மசாலாவாக விற்கிறது. நாமோ தாளிப்புப் பொடி பாக்கெட் வாங்குகிறோம்.

இது நம் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2022-23 ஒன்றிய அரசின் குடும்பச் செலவு ஆய்வில், கிராமத்து வீடுகள் மொத்தச் செலவில் 9 சதவீதத்துக்கு மேல் பானங்கள், பொட்டலத் தின்பண்டம், சமைத்து விற்கும் உணவு ஆகியவற்றுக்குக் கொடுக்கின்றன. தானியத்துக்குப் போவது 5 சதவீதத்துக்கும் கீழே. ஆக அரிசியில் மிச்சம் பிடிப்பதைவிட பாக்கெட்டில் மிச்சம் பிடிப்பதுதான் பெரிசு.

ஆனாலும் அரிசிக் கணக்கையும் போட்டேன். ஐந்து பேர், மாதம் 30 கிலோ. 75 கிலோ நெல் மூட்டை ஒன்றுக்கு எனக்கு ஏறக்குறைய 45 கிலோ அரிசி கிடைக்கிறது. வருடத்துக்கு எட்டு மூட்டை. இப்போது களத்திலேயே எட்டு மூட்டையை ஒதுக்கிவிட்டுத்தான் வியாபாரிக்குப் போன் போடுகிறேன். புதுச்சேரியில் 2015 செப்டம்பரில் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போட ஆரம்பித்தார்கள். கடைகளைத் திறங்கள் என்று மக்கள் ஏன் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. விலை ஏறினால் பணம் சுருங்கும். பானையில் இருக்கும் அரிசி சுருங்காது.

உளுந்தைப் பல்லில் வைத்தால் 'டக்'கென்று உடையும்வரை காய வைக்கிறோம். முழுப் பயறின் மேல்தான் வண்டு முட்டையிடும் என்பதால், சாப்பாட்டுக்கு வைப்பதை உடைத்தே வைக்கிறோம். மேலே காய்ந்த நொச்சி இலை.

ஃப்ரீசர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தையில் உரித்த பச்சை மொச்சை, தேங்காய்த் துருவல், நெல்லிக்காய் போன்றவற்றைப் பச்சை ருசி போகாமல் வெயிலால் காப்பாற்ற முடியாது. ஆனால் அதை நம்பிச் சுகமாக இருந்துவிடக் கூடாது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. மொச்சை, துருவல், சங்கரா மீன் எல்லாம் இளகி நாறிப்போய், தண்ணீர் வடிந்ததும் குழி தோண்டிப் புதைத்தேன். அந்த இரண்டு நாளும் எதிர்வீட்டுக்காரர்களையும் சேர்த்து எட்டுப் பேர் சாப்பிட்டது வற்றல் குழம்பும் சுட்ட அப்பளமும். அப்போதிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: டப்பாவில் தேதி எழுத வேண்டும், பழசைத்தான் முதலில் எடுக்க வேண்டும், ஐப்பசி பிறக்கும்போது ஃப்ரீசர் காலியாக இருக்க வேண்டும்.

எல்லோராலும் இது முடியுமா என்று கேட்பீர்கள். குத்தகைக்கு ஓட்டுபவர், களத்திலேயே கடன்காரர் நிற்கும் வீடு, இவர்களிடம் எட்டு மூட்டையை ஒதுக்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டு மூட்டையாவது ஒதுக்க வழி உண்டா என்று சங்கத்தில்தான் பேச வேண்டும். இன்னொன்று, வற்றல் போடுவது யார் வேலை? இதுவரை பெண்கள் வேலை. என் மனைவி சொல்லிவிட்டார்: "மாடிக்கு நீங்க ஏறுனா வடகம், இல்லன்னா பாக்கெட்டு." ஏறுகிறேன். காக்கா விரட்டுவது நான் நினைத்ததைவிடக் கஷ்டம்.

இப்போது மாதச் சாமான் சீட்டு எழுதுவதற்கு முன்னால், ஜாடி, டின், ஃப்ரீசர் மூன்றையும் திறந்து பார்த்து, அவற்றில் இருப்பதை வைத்து ஒரு வாரம் சமைக்கிறோம். அதற்குப் பிறகுதான் சீட்டு. போன மாத பில் மூவாயிரத்துச் சொச்சம். நேற்று எழுதிய சீட்டை அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, பேனாவைக் கேட்டார்.

"பெருங்காயம் போன மாசம் வாங்குனதே அப்படியே கெடக்கு" என்று ஒரு வரியை அடித்தார்.