ஆறு ஒற்றைப்படை!

305-ல் 148 போனால் மிச்சம் எவ்வளவு? ஒரு பையன் 243 என்று எழுதியிருக்கிறான். தப்பு என்று உடனே சொல்லிவிடுவீர்கள். (கால்குலேட்டரைத் தேடுகிறவர்களை நான் கவனிக்கவில்லை.) சிவப்பு இங்க்கில் ஒரு பெருக்கல் குறி போட்டு, காதைத் திருகி அனுப்பிவிடலாம். நம்மில் பல பேரை அப்படித்தான் அனுப்பினார்கள்.

கொஞ்சம் நிதானித்து அந்த 243-ஐப் பாருங்கள். 5-லிருந்து 8 போகாது. ஆனால் 8-லிருந்து 5 தாராளமாகப் போகும், 3. அடுத்தது 0-வும் 4-ம். பெரிசிலிருந்து சின்னதை எடுத்தால் 4. கடைசியில் 3-ல் 1 போக 2. பையன் தூங்கவில்லை. 'பெரிசிலேருந்துதான் சின்னதைக் கழிக்கணும்' என்று என்றைக்கோ காதில் விழுந்ததை வேத வாக்காக எடுத்துக்கொண்டு ஒழுங்காகச் செய்திருக்கிறான். உலகம் பூராவும் பிள்ளைகள் செய்கிற தப்பு இது. 1978-ல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்கர்கள், இந்த மாதிரித் தப்புகளை கம்ப்யூட்டர் புரோகிராமில் வரும் 'பக்' போலவே பாவித்து அலசிக் கட்டுரையே எழுதினார்கள். புரோகிராமர்கள் கவனிக்க: பக் எங்கே என்று தெரியாமல் கம்ப்யூட்டரின் காதைத் திருகிப் பிரயோசனமில்லை.

எம்.பி.ஏ. படித்த நண்பரிடம் கேட்டால் 'கேஸ் ஸ்டடி, கேஸ் ஸ்டடி' என்று உயிரை வாங்குவார். ஒரு கம்பெனி எப்படிக் கவிழ்ந்தது என்பதை முழுசாகப் படித்துவிட்டு, 'நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?' என்று அடித்துக்கொள்ள வேண்டும். இதை ஆரம்பித்தது வியாபாரிகள்கூட இல்லை, வக்கீல்கள். ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் லாங்டெல் என்ற பேராசிரியர் 1870-களில் கொண்டுவந்த முறை. அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1986-ல் லீ ஷுல்மன் என்ற கல்வியாளர், 'வாத்தியார்களையும் ஏன் இப்படித் தயார் செய்யக்கூடாது?' என்கிற தினுசில் எழுதினார். நியாயமான கேள்வி. டாக்டருக்குக் கேஸ் உண்டு, வக்கீலுக்குக் கேஸ் உண்டு. தினம் முப்பது நாற்பது கேஸ் பார்க்கிற கணக்கு வாத்தியாருக்கு மட்டும் கேஸ் கட்டே கிடையாதா?

உண்டு. அதில் ரொம்பப் பிரசித்தமானது பென்னி கேஸ். கட்டுரைக்காக வைத்த பெயர்.

பென்னி அமெரிக்காவில் ஆறாம் வகுப்புப் பையன், வயது பன்னிரண்டு. அவன் பள்ளியில் அப்போது ஒரு நவீன ஏற்பாடு. ஆசிரியர் கரும்பலகையில் கணக்குச் சொல்லித் தரமாட்டார். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஒரு சின்னப் புத்தகத்தைப் பார்த்துத் தானே போட்டு, பரீட்சை எழுத வேண்டும். விடைத்தாளை அச்சடித்த விடைகளோடு ஒப்பிட்டு மார்க் போடுவார்கள். 80 சதவீதம் வந்தால் அடுத்த புத்தகம். யாரோடும் பேச வேண்டிய அவசியமே இல்லை. (நம் ஆபீசில்கூடச் சில செக்‌ஷன்கள் இப்படி இயங்குகின்றன.) பென்னி இரண்டாம் வகுப்பிலிருந்து இதில்தான் படித்தான். விறுவிறுவென்று முன்னேறினான். டீச்சருக்கு அவன் நல்ல மாணவர்களில் ஒருவன்.

ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆராய்ச்சியாளர் அவனோடு உட்கார்ந்து பேசினார். 2-ன் கீழ் 10-ஐத் தசமத்தில் எழுது என்றார். பென்னி தயங்காமல் 1.2 என்றான். எப்படிடா? இரண்டும் பத்தும் பன்னிரண்டு. நடுவில் புள்ளி! 400-ன் கீழ் 400? எட்டு. அதாவது 8.00. நானூறும் நானூறும் எண்ணூறு, அப்புறம் புள்ளி. 4-ன் கீழ் 11-ம் 1.5, தலைகீழாக்கி 11-ன் கீழ் 4-ம் அதே 1.5. பென்னிக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை.

0.3-ஐயும் 0.4-ஐயும் கூட்டினால்? 0.07 என்றான். இதற்கு அவனிடம் விதி இருந்தது. புள்ளிக்குப் பின்னால் ஒன்று, இன்னொன்று, மொத்தம் இரண்டு இலக்கம். பெருக்கலில் இதே விதி சரியாக வேலை செய்யும். 0.7-ஐ 0.5-ஆல் பெருக்கினால் 0.35. விடைப்பட்டியல் 'சபாஷ்' என்றது. அதே சபாஷை நம்பிக் கூட்டலுக்கும் கொண்டுபோய்விட்டான்.

இதைவிட எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு. பென்னி சில சமயம் ஒன்றின் கீழ் இரண்டு என்று எழுதுவான். பட்டியலில் இரண்டின் கீழ் நான்கு என்றிருக்கும். இரண்டும் ஒன்றுதான், ஆனாலும் 'தப்பு' என்று வரும். அவன் என்ன முடிவுக்கு வந்தான் தெரியுமா? என் விடை எல்லாமே சரிதான், பட்டியலில் இருக்கிற வேஷத்தில் எழுதினால்தான் மார்க். ஆக, கணக்கு என்பது அந்த வேஷத்தைக் கண்டுபிடிக்கிற விளையாட்டு. பின்னங்களுக்கு நூறு வகை விதி இருக்கிறது, யாரோ ஒரு மகா புத்திசாலி உட்கார்ந்து உண்டாக்கினார் என்று தீவிரமாக நம்பினான். நாலு வருஷம் தனியாக உட்கார்ந்து, ஒரு பையன் தனக்கென்று ஒரு கணித சாஸ்திரமே எழுதியிருக்கிறான். 80 சதவீதம் வாங்கிக்கொண்டே! 'இது எப்படி வந்தது?' என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை.

1973-ல் இந்தக் கட்டுரை வந்தது. ஒரே ஒரு பையனைப் பற்றியது. 'ஒரு ஆளை வைத்து என்னய்யா நிரூபிக்க முடியும்?' என்று கேட்கலாம். நிரூபிக்க முடியாதுதான். ஆனால் அதைப் படித்த எந்த ஆசிரியருக்கும், தன் வகுப்பில் 80 வாங்குகிற பிள்ளைகளின் மேல் ஒரு சந்தேகம் வந்தே தீரும்.

இரண்டாவது கேஸ் நேர் எதிர். மிஷிகனில் ஈஸ்ட் லான்சிங் என்ற ஊர். டெபோரா பால் யுனிவர்சிட்டி பேராசிரியை. கூடவே ஒரு சாதாரணப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குத் தினம் கணக்கு எடுத்தார். பல நாட்டுப் பிள்ளைகள் இருந்த வகுப்பு. 1989-90-ல் அந்த வகுப்பைப் பெரும்பாலும் வீடியோவில் எடுத்து வைத்தார்கள்.

1990 ஜனவரியில் ஒரு நாள், ஷான் என்ற பையன் 'ஆறைப் பற்றி யோசித்தேன். அது இரட்டைப்படை. ஒற்றைப்படையாகவும் இருக்கலாம்' என்று ஆரம்பித்தான். ஏனாம்? ஆறில் மூன்று இரண்டுகள் இருக்கின்றன. மூன்று ஒற்றைப்படை ஆச்சே!

நீங்கள் டீச்சராக இருந்தால்? 'உக்காருடா' என்பதற்கு இரண்டு விநாடி போதும். பால் அம்மையார் அப்படிச் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகள் மல்லுக்கு நின்றார்கள். மெய் என்ற சிறுமி கரும்பலகைக்கே போய், 'அப்படியானால் பத்தும் அதே கதைதானே? அதில் ஐந்து இரண்டுகள்! இப்படியே போனால் எல்லா எண்ணும் ரெண்டும் கெட்டானாகிவிடும்' என்று வக்கீல் மாதிரி மடக்கினாள். ஷான் அசரவில்லை. பத்தைப் பற்றி நான் யோசிக்கவில்லை, எடுத்துச் சொன்னதற்கு நன்றி, பத்தும் அப்படித்தான் என்றானே பார்க்கலாம்!

டீச்சர் அவற்றுக்கு 'ஷான் எண்கள்' என்று பெயர் வைத்தார். 2, 6, 10, 14... நான்கு நான்காகத் தாவுகின்றன என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், யூக்ளிட் இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் முன்பே இந்த ஜாதி எண்களுக்குத் தனிப் பெயர் கொடுத்திருக்கிறார். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது இன்னொன்று செய்து பாருங்கள்: இரண்டு வர்க்க எண்களின் வித்தியாசமாக 7 வரும் (16-ல் 9 போக), 8 வரும் (9-ல் 1 போக). 6-ம் 10-ம் வரவே வராது. ஷான் எண் எதுவுமே வராது.

அந்த வீடியோவை இன்றும் ஆசிரியர் பயிற்சிகளில் போட்டுக் காட்டுகிறார்கள். 'ஆகா' என்று ஒரு கோஷ்டி, 'பிள்ளைகளைக் குழப்பிவிட்டார், இரட்டைப்படை என்றால் என்ன என்று பளிச்சென்று சொல்லியிருக்க வேண்டாமா?' என்று ஒரு கோஷ்டி. இரண்டாவது கோஷ்டியை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. ஐம்பது பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, மார்ச்சுக்குள் போர்ஷனை முடிக்க வேண்டிய ஆசிரியருக்கு ஒரு ஷான் போதும், அந்த வாரமே காலி. அவரிடம் போய் 'எல்லார் பேச்சையும் கேளுங்கள்' என்று உபதேசம் செய்வது அராஜகம். வாரத்துக்கு ஒரு தப்பு விடையை ஸ்டாஃப் ரூமில் மேஜை மேல் போட்டு, 'இவன் என்ன நினைச்சு இப்படி எழுதியிருப்பான்?' என்று நாலு பேர் டீயோடு பேசலாம். டீச்சரைக் குற்றம் சொல்லக்கூடாது, பையனையும் சொல்லக்கூடாது என்று ஒரு நிபந்தனையோடு. செலவு, டீக்காசு.

குழப்பினாரா இல்லையா என்ற சண்டைக்கு பால் 1993 கட்டுரையிலேயே ஒரு தகவல் வைத்திருக்கிறார். பின்னால் வகுப்பில் ஒரு சின்னப் பரீட்சை வைத்தாராம். வட்டங்கள் வரைந்து, ஒற்றைப்படை ஒரு வட்டத்தில், இரட்டைப்படை இன்னொன்றில், இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் நடுவில். கொடுத்த எண்களில் ஒன்று 90. சாட்சாத் ஷான் எண். ஒரு பிள்ளைகூட அதை நடுவில் போடவில்லை.