பிழைக்குறி யாருக்காக எழுதப்படுகிறது?

கேக் மாவு கலந்து தட்டில் ஊற்றியாகிவிட்டது. ஓவன் சூடேறத் தொடங்கிய சில நிமிடங்களில் அதன் திரையில் வெப்பநிலை மறைந்து, ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் தோன்றுகின்றன. விட்டுவிட்டு ஒலி எழுகிறது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பயனில்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தக் குறிக்கு நேராக ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: சேவை மையத்தை அணுகவும். மறுநாள் வரும் சேவைப் பணியாளர் குறியைப் பார்க்கிறார். பின்மூடியைக் கழற்றும் முன்பே, போர்டு போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்கிறார். போர்டின் விலையும் வருகைக் கட்டணமும் சேர்ந்த தொகையைக் கேட்டதும், இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதாகவே வாங்கிவிடலாமே என்ற எண்ணம் வீட்டாருக்கு எழுகிறது. இந்திய நகரங்களில் பலருக்கும் பழக்கமான காட்சி இது.

இந்தக் காட்சியில் பேசப்படுவதெல்லாம் விலையைப் பற்றியே. ஆனால் விலைக்கு முன்னால் கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறு. போர்டுதான் பழுது என்பது எவ்வாறு தெரிந்தது? எது அளக்கப்பட்டது? அளவு என்ன வந்தது? பொருளைக் காசு கொடுத்து வாங்கியவருக்கு இக்கேள்விகளுக்கான விடையைப் பெறும் உரிமை உண்டா? பழுதுநீக்கும் உரிமை குறித்த விவாதங்கள் உதிரிபாகங்களைப் பற்றி நிறையப் பேசுகின்றன. பழுதைக் கண்டறியும் உரிமையைப் பற்றிக் குறைவாகவே பேசுகின்றன. இரண்டாவது இல்லாமல் முதலாவதால் பெரும்பயன் இல்லை.

பிழைக்குறி பழுதடைந்த பாகத்தின் பெயர் அன்று. அது ஓர் அறிகுறி மட்டுமே. உள்ளிருக்கும் வெப்ப சென்சாரின் மின்தடையைப் போர்டில் உள்ள சில்லு இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கிறது. அளவு எதிர்பார்த்த எல்லைக்கு வெளியே போனால் குறி திரையில் வருகிறது. பல மின் ஓவன்களில் இருக்கும் பிளாட்டினம் சென்சார் வகையொன்றை எடுத்துக்கொள்ளலாம். அதன் மின்தடை 0 டிகிரி செல்சியஸில் 1,000 ஓம். 25 டிகிரியில் ஏறத்தாழ 1,097 ஓம். 200 டிகிரியில் ஏறத்தாழ 1,758 ஓம். சென்சார் அறுந்திருந்தாலும், அதற்குச் செல்லும் கம்பி வெப்பத்தில் கருகியிருந்தாலும், இணைப்பான் துருவேறித் தளர்ந்திருந்தாலும், போர்டிலேயே அந்த அளவை வாங்கும் பகுதி கெட்டிருந்தாலும் திரையில் தோன்றும் குறி ஒன்றாகவே இருக்கக்கூடும். குறியை மட்டும் பார்த்துப் போர்டு கெட்டுவிட்டது என்பது, காய்ச்சல் என்றவுடன் நோயின் பெயரைச் சொல்லிவிடுவதைப் போன்றது.

இந்த நான்கையும் பிரித்தறியும் முறை எளியது. மின் இணைப்பை முற்றிலும் துண்டித்து, ஓவன் ஆறிய பின் சென்சாரின் இணைப்பானைக் கழற்றி மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். அறை வெப்பத்துக்குரிய மின்தடை வந்து, ஓவனின் உலோக உடலோடு கசிவும் இல்லை என்றால் சென்சார் நலம். அடுத்து, சென்சாரை மீண்டும் இணைத்து, கம்பியின் போர்டுப் பக்க முனையில் அதே அளவை எடுக்க வேண்டும். அங்கும் அதே எண் வந்த பிறகே ஐயம் போர்டின் மீது திரும்ப வேண்டும். பயிற்சி பெற்றவருக்கு இது சில நிமிட வேலை. ஆனால் எந்த எண் வர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒற்றை எண்தான் பெரும்பாலும் வெளியில் தரப்படுவதில்லை.

போர்டுதான் காரணம் என்று உறுதியானாலும், அது பிரிக்க முடியாத ஒரே பொருள் அன்று. திரை மங்கி, கடிகாரம் தானாகவே பூச்சியத்துக்குத் திரும்பினால் மின்வழங்கல் பகுதியில் உலர்ந்துபோன கெப்பாசிட்டர் ஒரு காரணமாக இருக்கலாம். ரிலேயின் 'டிக்' ஒலி கேட்டும் சூடேறவில்லை என்றால் ரிலேயின் தொடுமுனை, ஹீட்டர், வெப்பக் காப்புச் சுவிட்சு ஆகிய மூன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். அணைத்த பின்னும் சூடேறிக்கொண்டே இருந்தால் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். அது தீ அபாயம் என்பதால் ஓவனை உடனே மின்சாரத்திலிருந்து விலக்க வேண்டும். பொத்தான்கள் தாமாகவே அழுந்துவது போல் தோன்றினால், பொத்தான் தாளுக்குள் ஈரமோ எண்ணெய்ப் படலமோ புகுந்திருக்கலாம். வோல்டேஜ் ஏற்ற இறக்கமும், கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றும், வெதுவெதுப்பான போர்டில் குடியேறும் கரப்பான் பூச்சிகளும் இந்தியச் சமையலறைகளில் இப்பழுதுகளுக்கு வழக்கமான காரணங்கள். ஒரு ரிலேயின் விலையும் ஒரு கெப்பாசிட்டரின் விலையும் முழுப் போர்டின் விலையோடு ஒப்பிடத் தக்கவை அல்ல.

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வீடு வீடாகச் செல்லும் பணியாளரிடம் ஒவ்வொரு பாகத்தையும் சோதிக்க நேரமோ கருவியோ இருப்பதில்லை. முழுப் போர்டையும் மாற்றினால் வேலை விரைவில் முடியும். உத்தரவாதம் தருவதும் எளிது. தரமற்ற ரிலேயைப் பொருத்திய அரைகுறை வேலை தீவிபத்தில் முடியலாம். மைக்ரோவேவ் ஓவனில் ஆபத்து இன்னும் கடுமையானது. அதன் உயர் அழுத்தக் கெப்பாசிட்டர் 2,000 வோல்ட் அளவிலான மின்னேற்றத்தைப் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் தேக்கி வைத்திருக்கக்கூடும். தொட்டவரின் உயிரைப் பறிக்க அது போதும். ஆகவே மைக்ரோவேவின் மூடியை வீட்டார் திறக்கவே கூடாது என்ற எச்சரிக்கை சரியானது.

ஆயினும் இந்த எச்சரிக்கை தகவலை மறைப்பதற்கான காரணமாக முடியாது. திறக்கக் கூடாதவருக்குத் திறக்கக் கூடாது என்று சொல்வது பாதுகாப்பு. திறக்கத் தகுதி பெற்றவருக்கும் வரைபடத்தைத் தர மறுப்பது பாதுகாப்பு ஆகாது. நிறுவனம் கைவிட்டதும் ஓவன் எப்படியும் தெருமுனைக் கடைக்குத்தான் போகிறது. அங்கே வரைபடம் இல்லாமல் அனுமானத்தில் வேலை நடப்பதால் ஆபத்து கூடுகிறதே அன்றிக் குறைவதில்லை. சென்னை ரிச்சி தெரு, மும்பை லாமிங்டன் சாலை, பெங்களூரு எஸ்.பி. சாலை, தில்லி லஜ்பத் ராய் சந்தை போன்ற இடங்களின் மின்னணுத் தொழிலாளர்கள், யாரும் தராத அறிவைப் பழைய போர்டுகளைப் பிரித்துப் பார்த்தே சேர்த்துக்கொண்டவர்கள். ஒரு காலத்தில் வால்வு வானொலிப் பெட்டிகள் பலவற்றின் உள்ளேயே மின்சுற்று வரைபடம் ஒட்டப்பட்டிருந்தது. பெட்டி ஒருநாள் பழுதாகும், அதை யாரோ ஒருவர் சரிசெய்வார் என்பதை அன்றைய உற்பத்தியாளர் ஏற்றுக்கொண்டிருந்தார் என்பதற்கு அந்தத் தாளே சான்று.

அரசு இதை அறியாமல் இல்லை. ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கான கட்டமைப்பை வகுக்க ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைபேசிகளும் டேப்லெட்களும், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என நான்கு துறைகள் அதில் குறிக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், பயன் முடிந்த பொருள்களை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் இணையதளம் சட்டம் ஆகாது; அதில் எதை வெளியிடுவது என்பது பெரிதும் நிறுவனத்தின் விருப்பமே. மறுசுழற்சி என்பதோ பொருள் குப்பையான பிறகு வரும் கடமை. ஒரு ரிலேவுக்காக முழு ஓவனும் குப்பையாவதை அது தடுக்காது.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவதாக, ஒவ்வொரு பிழைக்குறியின் பொருளும், அதற்குச் சோதிக்க வேண்டிய இடங்களும், அங்கு வர வேண்டிய அளவுகளும் எல்லோரும் படிக்கும்படி, இந்திய மொழிகளிலும், வெளியிடப்பட வேண்டும். வீட்டாரே பார்க்கத்தக்கவை எவை, தொழில்நுட்பர் மட்டுமே தொட வேண்டியவை எவை என்ற எல்லைக்கோடும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டாவதாக, போர்டை மாற்றச் சொல்லும் சேவை மையம் எதை அளந்து அம்முடிவுக்கு வந்தது என்பதைப் பணிச்சீட்டில் எழுதித் தர வேண்டும். உரிமையாளர் விலை கொடுத்து மாற்றினால் பழைய போர்டை அவரிடமே ஒப்படைக்க வேண்டும். மூன்றாவதாக, போர்டும் சென்சாரும் அங்கீகரிக்கப்பட்ட மையங்களுக்கு மட்டுமன்றி வெளியிலுள்ள தொழில்நுட்பர்களுக்கும், மாடலின் விற்பனை நின்ற பின்னும் பல ஆண்டுகளுக்கு, கிடைக்க வேண்டும்.

இவற்றில் இரண்டாவது கோரிக்கைக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு மல்டிமீட்டரும், சீட்டில் எழுத ஒரு வரியும் போதும். வீட்டிலிருந்து கேக் செய்து விற்கும் ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு வரியின் மதிப்பு பெரிது. ஓவன் நின்ற நாள்களில் அவருடைய வருமானமும் நின்றுவிடுகிறது. சென்சாரை மாற்றினால் போதுமா, போர்டையே வாங்க வேண்டுமா, கடன் வாங்கிப் புதிய ஓவனுக்குப் போக வேண்டுமா என்பதை அவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இன்று அந்தத் தீர்மானத்தை அவருக்காக வேறொருவர், காரணம் சொல்லாமல், எடுத்துவிடுகிறார். குறி தோன்றுவது அவருடைய ஓவனில். அதன் பொருளும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.