உளநூலும் எம் வகுப்பறையும்

ஆசிரிய கலாசாலையில் யாம் பயின்ற உளநூல் நாயிலும் பூனையிலும் தொடங்கிற்று. பவ்லோவ், தோண்டைக் என்போரின் சோதனைகளை மனனஞ் செய்தோம். அகத்தை ஆராய்தல் வீண், புறநடத்தையே போதும் என 1913இல் வாட்சன் வகுத்த கொள்கை நெடுங்காலங் கோலோச்சியது. பின்னர்ப் பியாசே பாடத்துள் வந்தார், அவர்பின் வைகொட்ஸ்கி. 1934இல் மறைந்த இவரது முதன்மை நூல் ஆங்கிலத்தில் வெளிவந்ததோ 1962இல்! கருத்துக்களுங் கப்பலுக்குக் காத்திருக்கின்றன போலும்.

2004 மார்கழி 26இல் கடல் பொங்கியபின், அமெரிக்க உளமருத்துவர் 1980இல் தம் பட்டியலில் ஏற்றிய நெருக்கீட்டு நோய் திருக்கடலூர்ப் பிள்ளைகளிடமுந் தேடப்பட்டது. வந்தோர் நல்லெண்ணத்தினரே. ஆயினும், பிள்ளையைத் தனியே இருத்தி, இழந்ததைச் சொல் என்றனர். எம் வகுப்புச் சிறுவனொருவன் வாய்திறந்திலன். தந்தையின் அந்தியேட்டி முடிந்து, சுற்றத்தார் கூடியிருந்த மாலையிலே தானாகவே பேசினான்.

துயரின் வடு தனிமனத்தில் மட்டுமன்றிக் குடும்பத்திலும் ஊரிலும் விழுகின்றது என யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2007இல் எழுதினார். எமக்கு இதுவே உடன்பாடு. கலாசாலைப் பாடத்திலே பியாசேயின் அருகே இதற்கும் இடம் வேண்டும். மருத்துவராயுள்ள பழைய மாணவர் எவரேனும் ஒருநாள் ஆசிரியர் அறைக்கு வந்து இதனை விரித்துரைப்பாராயின், முதல் வாங்கில் யாம் அமர்வோம்.