ஒரு சிறு கோடு போதும்! போலி பாஸ்போர்ட் தளங்களும் ஜமாஅத்களின் பொறுப்பும்

விராலிமலையிலிருந்து வளைகுடாவுக்கு வேலை தேடிப் போகும் இளைஞருக்கும், உம்ராவுக்கு நிய்யத் வைத்திருக்கும் பெரியவருக்கும் முதல் தேவை பாஸ்போர்ட். மண்டல அலுவலகம் திருச்சியில் இருந்தாலும் விண்ணப்பம் தொடங்குவது இணையத்தில்தான். மோசடிக்காரர்கள் வலை விரித்திருப்பதும் அங்கேதான்.

அரசின் அசல் தளம் 'பாஸ்போர்ட்இந்தியா டாட் ஜிஓவி டாட் இன்'. 'பாஸ்போர்ட்-இந்தியா டாட் இன்', 'பாஸ்போர்ட்-சேவா டாட் இன்', 'இந்தியாபாஸ்போர்ட் டாட் ஓஆர்ஜி' போன்றவை போலி என்று வெளியுறவு அமைச்சகமே பெயர் குறிப்பிட்டு எச்சரித்துள்ளது. நடுவில் ஒரு சிறு கோடு இருக்கும், அல்லது 'ஜிஓவி' விடுபட்டிருக்கும். அவசரத்தில் தட்டச்சு செய்பவர் அதைக் கவனிப்பதில்லை. படிவம் நிரப்பவும் நேரம் பதிவு செய்யவும் கூடுதல் கட்டணம் பிடுங்குவதோடு, விண்ணப்பதாரரின் சொந்த விவரங்களையும் இத்தளங்கள் சேகரித்துக்கொள்கின்றன. பணத்தை மீண்டும் சம்பாதிக்கலாம். பிறந்த தேதியையும் ஆதார் எண்ணையும் மாற்றிக்கொள்ள முடியுமா?

தர்மப் பணத்தையும் இவர்கள் விட்டுவைக்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா நிவாரணத்துக்கு 'பிஎம்கேர்ஸ் அட் எஸ்பிஐ' என்ற யுபிஐ முகவரி அறிவிக்கப்பட்டது. உடனே ஒரே ஓர் எழுத்தைக் குறைத்து 'பிஎம்கேர்' என்று போலி முகவரி முளைத்தது. அரசு மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது.

இது ஏன் இவ்வளவு சுலபம்? 'டாட் காம்', 'டாட் இன்' பெயர்களைச் சில நூறு ரூபாய்க்கு யாரும் வாங்கலாம். 'ஜிஓவி டாட் இன்' அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். இதை உணர்ந்துதான் ரிசர்வ் வங்கி, எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31க்குள் 'பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாற உத்தரவிட்டது. நல்ல முடிவு. ஆனால் முகவரியின் கடைசிப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்பதை மக்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

பாஸ்போர்ட் எச்சரிக்கை அசல் தளத்தில் இருக்கிறது. வழி தவறிப் போலித் தளத்துக்குப் போனவர் கண்ணில் அது எப்படிப் படும்? பாஸ்போர்ட், ஹஜ் விண்ணப்பம், வக்ஃப் சொத்துப் பதிவு என அனைத்தையும் இணையத்துக்கு மாற்றிய அரசு, எச்சரிக்கையை மட்டும் இணையத்தோடு நிறுத்திக்கொள்வது நியாயமல்ல. தபால் நிலையங்களிலும் இ-சேவை மையங்களிலும் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. மேலே உலர்ந்த தானியமும் உள்ளே ஈரமும் வைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததே. வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது அல்குர்ஆன் (49:6). எனவே ஜும்ஆவுக்குப் பின் ஐந்து நிமிடம் இதற்காக ஒதுக்கலாம். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் அசல் முகவரிகளைப் பெரிய எழுத்தில் ஒட்டலாம். பூட்டுப் படம் தெரிவதாலேயே ஒரு தளம் அசலாகிவிடாது என்பதைப் புரியவைக்கலாம். ஏமாந்தவர் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 எண்ணில் புகார் செய்யத் துணை நிற்கலாம்.

உழைத்துச் சேர்த்த ஹலாலான பணத்தை வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக!