கால்வலியும் கல்லாப்பெட்டியும்

ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிப் புடவையையும் அதே மாதிரி அச்சடித்த புடவையையும் அருகருகே விரித்துப் போட்டால், வெளியூர்க்காரர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். விலையில் மட்டும் பல மடங்கு வித்தியாசம். தரிசனம் முடித்து, பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று திருப்பதி காந்தி ரோட்டில் ஒரு கடைக்குள் நுழையும் குடும்பம் மலிவானதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். விவரம் தெரிந்த விற்பனைப் பெண் ஒருவர் அங்கே இருந்தால் கதை மாறும். ஒரு கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடுவதை விரலால் தொட்டுக் காட்டி, "இது மூங்கில் குச்சியால கையில வரைஞ்சதும்மா. துணியைக் கடுக்காயிலயும் பால்லயும் ஊற வெச்சு, அப்புறம்தான் சாயம் ஏத்துவாங்க" என்பார். அவரே அடுத்த வாடிக்கையாளரிடம் தெலுங்கிலும், பெங்களூர்க்காரரிடம் கன்னடத்திலும் வெங்கடகிரிச் சேலையின் நயத்தைச் சொல்வார்.

இந்த அறிவு எந்த பார்கோடிலும் இல்லை. அது அந்தப் பெண்ணோடு வருகிறது, அவர் வேலையை விட்டால் அவரோடு போய்விடுகிறது. "ஆளே கிடைக்கலை, பழக்கி விட்டா பக்கத்துக் கடைக்குப் போயிடுறாங்க" என்பது சித்தூரிலும் திருப்பதியிலும் கடைக்காரர்கள் அலுத்துக்கொள்ளும் சங்கதி. ஏன் போகிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. கடை வாடகை, கரண்ட் பில், தள்ளுபடி எல்லாம் கணக்குப் புத்தகத்தில் ஏறுகின்றன. விவரம் தெரிந்த ஆள் போய், தெரியாத ஆள் வந்ததால் விற்காமல் போன புடவை எந்தப் பக்கத்திலும் ஏறுவதில்லை.

திருப்பதிக்கென்று இன்னொரு சாக்கும் உண்டு. வருகிறவர் எல்லாம் வெளியூர், இன்று வந்தவர் நாளை வரப்போவதில்லை, பிறகு எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பது. ஏழுமலையானின் பக்தரைப் பற்றி இப்படி நினைப்பது வியாபாரக் கணக்காகவே தப்பு. புரட்டாசிக்கு ஒருமுறை, பிள்ளைக்கு மொட்டை போட ஒருமுறை, மகள் கல்யாணத்துக்கு ஒருமுறை என்று வேலூர், காட்பாடி, திருத்தணிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டே இருக்கின்றன. போன முறை நன்றாகப் பேசி விற்ற கடை எது என்று அவர்களுக்கு நினைவிருக்கும்.

சரி, ஏன் போகிறார்கள்? சம்பளம் முதல் காரணம், சந்தேகமில்லை. அடுத்தது கால். விற்பனைத் தளத்தில் நாள் முழுக்க நிற்க வேண்டும். கூட்டம் இல்லாத மத்தியானத்திலும் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் கண்ணில் பட்டுவிடும். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த பி.விஜி, இந்தக் கொடுமையை எதிர்த்துக் கடைப் பெண்களைத் திரட்டினார். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைத் தந்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் அதைச் சேர்த்தது. தொழிற்சாலைகளில் நின்றபடி வேலை செய்கிறவருக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது என்பதைப் பார்த்தால், கடைத்தெருவுக்கு அந்த நாற்காலி வந்து சேர எழுபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. 2025 நவம்பர் 21 அன்று நாடு முழுக்க நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இந்த வசதி இடம்பெற்றிருப்பதால், ஆந்திரக் கடைக்காரர்கள் இதை எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சமாச்சாரம் என்று தள்ளிவிட முடியாது.

வேடிக்கை என்னவென்றால், நம் பழைய ஜவுளிக்கடைகளில் நிற்கிற வழக்கமே கிடையாது. வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் கடைக்காரரும் உட்காருவார், வாங்க வந்தவரும் உட்காருவார், நடுவில் புடவைகள் குவியும். யாரும் அதை மரியாதைக் குறைவாக நினைத்ததில்லை. கண்ணாடி கவுன்ட்டர் வந்த பிறகுதான் விற்கிறவர் நின்றால் மட்டுமே கடை சுறுசுறுப்பாகத் தெரியும் என்ற நினைப்பும் வந்து சேர்ந்தது.

நல்லபடி நடத்தினால் லாபம் வருமா என்று முதலாளி கேட்பது நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2015-16இல் சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ நகரங்களில் கேப் துணிக்கடைகள் 28இல் ஒரு சோதனை நடந்தது. ஆய்வாளர்களில் ஒருவர் சரவணன் கேசவன். சோதனையில் பெரிய தானதர்மம் எதுவும் இல்லை. எந்த நாள், எத்தனை மணிக்கு வேலை என்பதை ஊழியருக்கு முன்கூட்டியே உறுதியாகச் சொல்வது, கடைசி நேரத்தில் மாற்றாமல் இருப்பது, தங்களுக்குள் முறை மாற்றிக்கொள்ள விடுவது, முக்கியமான நேரங்களில் சில கடைகளுக்குக் கூடுதல் ஆள் தருவது, அவ்வளவுதான். விற்பனை 7 சதவீதம் கூடியது. ஏறத்தாழ 31,200 டாலர் செலவுக்கு 29 லட்சம் டாலர் கூடுதல் வருமானம் என்று கணக்கிட்டார்கள்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. அமெரிக்க எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தொடரான சர்க்யூட் சிட்டி, அதிகச் சம்பளம் வாங்குகிறார்கள் என்று 2007இல் 3,400 விற்பனையாளர்களை வீட்டுக்கு அனுப்பியது. 2008 நவம்பரில் திவால் மனு கொடுத்தது. அது ஒன்றே காரணம் என்று சொன்னால் மிகை. ஆனால், எந்த டிவி நல்லது என்று சொல்லத் தெரிந்தவர்களைத் துரத்திவிட்ட கடைக்குள் வாடிக்கையாளர் எதற்காக வர வேண்டும்?

நம் ஊர் முதலாளிகளில் மனசுக்காரர்கள் பலர். தீபாவளிக்குப் புதுத்துணி, வீட்டுக் கல்யாணத்துக்கு மொய், ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கைமாற்று எல்லாம் தருகிறார்கள். இதைக் குறைத்துப் பேசத் தேவையில்லை. ஆனால், கேட்டு நின்று வாங்கும் உதவியைவிட, கேட்காமலே ஒன்றாம் தேதி வரும் சம்பளமும், வெட்டுப்படாத வார லீவும், பி.எஃப். பிடித்த ரசீதும்தான் ஒரு பெண்ணை அடுத்த பொங்கல்வரை அதே கவுன்ட்டரில் வைத்திருக்கும்.

ஆந்திர அரசு 2025இல் எதிர்ப்பக்கம் ஓரடி வைத்து, கடைகளில் நாள் ஒன்றுக்கு 10 மணி நேரம்வரை வேலை வாங்கச் சட்டத்தைத் திருத்தியது. தொழில் வளரும் என்பது அரசின் வாதம். பத்தாவது மணி நேரத்தில் கால் கடுத்து நிற்கிறவர் கலம்காரியின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். எதைக் கேட்டாலும் "மேலே இருக்கு, பாருங்க" என்று கை காட்டிவிடுவார். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக எல்லாக் கடையும் அந்த மணி நேரத்தைப் பிழிந்தாக வேண்டும் என்றில்லை. சந்தேகப்படும் முதலாளி வரும் பிரம்மோற்சவத்துக்கு முன் தன் கடையில் ஒரே ஒரு மாடியில் முயன்று பார்க்கலாம். கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு, லீவு அட்டவணையை இரண்டு வாரம் முன்னதாகவே ஒட்டிவிட்டு, மூன்று மாதம் கழித்து அந்த மாடியின் பில்களை மற்ற மாடிகளின் பில்களோடு வைத்துப் பார்க்கட்டும்.